ரப்பர் இல்லாத கைப்பிடி

இரண்டாம் உலகப் போரின் நடுவில் பர்மிங்ஹாமில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் ஹேண்டில்பாரில் ரப்பர் பிடி கிடையாது. கித்தான் துணியால் ஆன பிடிதான் இருக்கும். கால் வைக்கும் இடத்திலும் ரப்பர் உறை இருக்காது, வெறும் இரும்புதான். நாள் முழுக்கக் குண்டும் குழியுமான பாதையில் செய்தி கொண்டுபோகும் வீரனின் கைக்கும் காலுக்கும் அது சுகமான ஏற்பாடு அல்ல. இருந்தும் அப்படித்தான் செய்தார்கள்.

காரணம் பர்மிங்ஹாமில் இல்லை, மலாயாவில் இருக்கிறது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் போனதோடு, நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. மலாயாவின் ஆங்கிலேயர் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மிஞ்சியிருந்த பெரிய ஆதாரம் இலங்கை. அங்கே மரம் செத்தாலும் சரி என்று அளவுமீறிப் பால் இறக்கினார்கள். கிடைத்த ரப்பர் டயருக்கே போதவில்லை. ஆகவே கைப்பிடிக்குக் கித்தான் வந்தது.

இன்று அப்படி ஒரு வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருபவர், அழகாக இருக்கட்டும் என்று புது ரப்பர் பிடியை மாட்டினால் ஒரு சாட்சியத்தை அழித்துவிடுகிறார். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான். பழைய ராணுவ வண்டியின் ஒவ்வொரு அசல் பாகமும், அந்த ஆண்டில் எந்தப் பொருள் கிடைத்தது, எது கிடைக்கவில்லை, யார் எப்படிச் சமாளித்தார்கள் என்பதன் பதிவு. அந்தப் பதிவைப் படிக்க வேதியியலும் இயற்பியலும் வேண்டும்.

13 குதிரைத்திறனின் நியாயம்

எம்20 வடிவமைப்பாளர் வால் பேஜின் கைவண்ணம். 1937-ஆம் ஆண்டின் மாதிரிகளோடு சந்தைக்கு வந்தது. போர்க்காலத்தில் மட்டும் சுமார் 1,26,000 வண்டிகள் செய்யப்பட்டன. 1940 நவம்பர் 19 இரவு பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத்திலிருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலைமீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியதில் 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகும் உற்பத்தி தொடர்ந்தது.

ஒற்றை சிலிண்டர். உள்விட்டம் 82 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 94 மில்லிமீட்டர். உள்விட்டத்தின் வட்டப் பரப்பை அந்தத் தூரத்தால் பெருக்கினால் 496 சி.சி. வரும். இவ்வளவு பெரிய எஞ்சின் கொடுத்தது வெறும் 13 குதிரைத்திறன். இன்றைய 350 சி.சி. வண்டிகளே 20 குதிரைத்திறனைத் தொடுகின்றன.

இந்தக் குறைவு தெரிந்தே ஏற்றுக்கொள்ளப்பட்டது. எம்20 சைடு வால்வு எஞ்சின். வால்வுகள் பிஸ்டனுக்கு மேலே இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரியும் அறை, வால்வுகளின் தலைக்கு மேலிருந்து பிஸ்டன்வரை பக்கவாட்டில் நீண்டு கிடக்கும். அறையின் பரப்பு அதிகம் என்பதால் எரிந்த சூட்டில் பெரும்பங்கு சுவருக்குள் போய்விடும். தீ நெடுந்தூரம் பரவ வேண்டும், அது போய்ச் சேர்வதற்குள் கடைசி மூலையிலுள்ள கலவை தானாக வெடித்தால் எஞ்சின் தட்டும். இதைத் தவிர்க்க அமுக்க விகிதத்தை 5:1-க்கும் கீழேயே வைத்தார்கள். பொறியாளர் ஹாரி ரிகார்டோ 1919-இல் கண்ட வழி ஒன்று உண்டு. பிஸ்டனுக்கு மேலுள்ள கூரையைத் தாழ்த்தினால், பிஸ்டன் மேலே வரும்போது கலவை பிதுங்கிச் சுழலும், தீ வேகமாகப் பரவும். சைடு வால்வு எஞ்சின்களுக்கு நீண்ட ஆயுள் கொடுத்தது இந்த உத்திதான்.

திறன் குறைந்தாலும் ராணுவத்துக்கு மூன்று நன்மைகள் இருந்தன. மட்டமான பெட்ரோலிலும் ஓடும். வால்வு உடைந்தாலோ சிக்கினாலோ பிஸ்டன்மேல் விழாது. சிலிண்டர் ஹெட் என்பது வெறும் மூடி, சில போல்ட்டுகளைக் கழற்றினால் சாலையோரத்திலேயே கரியைச் சுரண்டிவிடலாம். மீட்டெடுப்பவர் இதை மனத்தில் நிறுத்த வேண்டும். அமுக்கத்தைக் கூட்டி, கார்புரேட்டரை மாற்றி இந்த எஞ்சினை வேகமாக்குவது அதன் நோக்கத்தையே மாற்றுவதாகும்.

அசல் என்பது எது

வண்டி கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது எண்கள். போர்க்கால எம்20-இன் சட்டத்திலும், எஞ்சினின் கீழ்க்கூடான கிராங்க்கேஸிலும் டபிள்யூ.எம்20 என்ற முன்னெழுத்தோடு எண் அடித்திருக்கும். இரண்டும் ஒரே ஒப்பந்தத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் வண்டி பிறந்தபடியே இருக்கிறது என்று பலர் மகிழ்வார்கள்.

இல்லாவிட்டாலும் வருந்த வேண்டியதில்லை. ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவு 1942 அக்டோபரில் உருவானது. அதன் பணிமனைகளில் எஞ்சின் கெட்ட வண்டியைக் காக்க வைத்துப் பழுதுபார்ப்பதில்லை. தயாராக இருக்கும் வேறு எஞ்சினை ஏற்றி அனுப்பிவிட்டு, கழற்றியதைப் பிறகு சரிசெய்து அடுத்த வண்டிக்கு வைப்பார்கள். எனவே எண் பொருந்தாத வண்டி பெரும்பாலும் உண்மையாகவே உழைத்த வண்டி. அதன் எஞ்சினை விற்றுவிட்டுப் 'பொருந்தும்' எண் தேடி அலைவதும், எண்ணை அரத்தால் ராவிவிட்டு வேறு எண் அடிப்பதும் வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். இரண்டாவது பல நாடுகளில் குற்றமும்கூட.

தேடும் பாகம் காலத்தோடு பொருந்துகிறதா என்பதற்குப் பாகங்களிலேயே தடயம் உண்டு. லூகாஸ் நிறுவனம் தன் டைனமோ, மேக்னெட்டோ, விளக்கு போன்றவற்றில் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் அடித்திருக்கும். 1941 வண்டிக்கு 1952 டைனமோ மாட்டினால் ஓடும், ஆனால் அது அந்த வண்டியின் பாகம் ஆகாது. எந்த வண்டி எந்த ஒப்பந்தத்தில் எப்போது தொழிற்சாலையை விட்டுப் போனது என்பதைப் பிரிட்டனின் பழைய மோட்டார் சைக்கிள் சங்கங்கள் ஆவணங்களைப் பார்த்துச் சொல்கின்றன.

பாகங்கள் கிடைக்கும் இடங்கள் பல. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பியூலியூவில் ஆண்டுதோறும் நடக்கும் பழைய பாகச் சந்தை பெயர்பெற்றது. போருக்குப் பின் எம்20-ஐ வைத்துக்கொண்ட நாடுகளின் ராணுவக் கிடங்குகளிலிருந்தும் பாகங்கள் வெளிவந்தன. பயன்படாமலே கிடந்த அசல் பாகம் சில நேரம் மெழுகுத்தாள் சுற்றி, கெட்டியான கிரீஸ் பூசி, சீட்டுக் கட்டிய நிலையிலேயே கைக்கு வரும். உலோகத்தைத் தொட ஈரமும் ஆக்சிஜனும் இல்லாததால் உள்ளே பளபளப்பு அப்படியே இருக்கும். அந்தச் சீட்டையும் தாளையும் எறியாமல் பத்திரப்படுத்த வேண்டும்.

துருவை அவிழ்த்தல்

80 ஆண்டு பழைய நட்டு கழல மறுப்பதற்குக் காரணம் துருவின் கன அளவு. இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் சேர்ந்து உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும். மரையின் பள்ளங்களுக்குள் அது உப்பி, நட்டையும் போல்ட்டையும் ஒன்றோடொன்று இறுக்கிவிடும். ஸ்பானரில் நீளமான குழாய் செருகிப் பலம் காட்டினால் போல்ட் முறியும். ஊடுருவும் எண்ணெயை விட்டு நாட்கணக்கில் ஊறவைத்து, நட்டை மட்டும் சூடாக்க வேண்டும். நட்டு விரியும்போது துருவின் ஒட்டு விடும். மெல்லத் தட்டி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அதே போல்ட்டை முழுசாக வெளியே எடுத்துவிடலாம்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் மரை. இந்த வண்டியில் பல இடங்களில் இருப்பது சைக்கிள் மரை. அங்குலத்துக்கு 26 சுற்று, 60 பாகைக் கோணம். அலுமினியத்துக்குள் இறங்கும் இடங்களில் விட்வொர்த் வகை மரை வரும், அதன் கோணம் 55 பாகை. அலுமினியம் மென்மையானது என்பதால் அங்கே சுற்றுகள் அகலமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அதற்குமேல் திருகினால் கிராங்க்கேஸின் மரையை அறுத்துவிடும். அசல் போல்ட்டைக் காப்பாற்றுவது கிராங்க்கேஸையே காப்பாற்றுவது.

இரும்புப் பாகங்களில் ஏறிய துருவை எடுக்க மின்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர். பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், உதவாத இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். பாகத்தின்மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் எழும்பித் துருவை உரிக்கும். துருவில் ஒரு பகுதி மீண்டும் கருமையான ஆக்சைடாகவும் இரும்பாகவும் ஒடுங்கும். நல்ல உலோகம் துளியும் கரையாது என்பதே இந்த முறையின் சிறப்பு, அடித்த எண்ணும் எழுத்தும் கூர்மையாக மிஞ்சும்.

எச்சரிக்கைகளும் உண்டு. நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கக் கூடாது, அதிலுள்ள குரோமியம் நஞ்சாகி நீரில் கலக்கும். அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். கடினமாக்கப்பட்ட ஸ்பிரிங் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெறும். எழும்பும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால் வேலை திறந்தவெளியில் நடக்க வேண்டும்.

கிராங்க்கேஸை மணல் பீய்ச்சி வெளுக்க வைப்பது எளிதான வழியாகத் தோன்றும். ஆனால் எம்20-இல் எண்ணெய் தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாகக் குறுகிய துளைகளில் ஓடித் திரும்புகிறது. அந்தத் துளைகளில் ஒளிந்திருக்கும் ஒரு சிட்டிகை மணல் போதும், புதிதாகக் கட்டிய எஞ்சின் சில மணி நேரத்தில் தேய்ந்துபோகும்.

பெயின்ட்டைப் படித்தல்

டூல் பாக்ஸின் உட்புறம், டேங்கின் அடிப்பக்கம் போல வெயிலும் கையும் படாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் தொட்டு மெல்லிய உப்புத்தாளால் சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்த்தால் பெயின்ட் அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாய்த் தெரியத் தொடங்கும். போரின் தொடக்கத்தில் பிறந்து நெடுநாள் உழைத்த வண்டியானால், வெளியே பிற்காலத்தில் யாரோ அடித்த கருப்பு. அதற்குள் போருக்குப் பிந்தைய ராணுவத்தின் கரும்பச்சை. அதற்குள் 1944-இல் அமெரிக்க வண்டிகளின் நிறத்தோடு ஒத்துப்போக ஏற்கப்பட்ட ஆலிவ் நிறம். அதற்குள் ஒரு பழுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் காக்கிப் பச்சை, கடைசியில் எஃகு.

அந்தப் பழுப்பு வளையத்தில் நின்று யோசிக்க வேண்டும். பச்சை வயல்களும் காடுகளும் உள்ள ஐரோப்பாவில் போரிட இருந்த ராணுவம் ஏன் பழுப்புக்கு மாறியது? பச்சை நிறமிக்குத் தேவையான குரோமியம் ஆக்சைடுக்குத் தட்டுப்பாடு. கைப்பிடியில் ரப்பர் போன அதே காலத்தில் பெயின்ட்டில் பச்சையும் போனது. வண்டி ஏறக்குறைய எந்தக் காலத்தில் தயாரானது என்பதை அடியிலுள்ள பெயின்ட்டே சொல்லிவிடும். எல்லா ராணுவ வண்டிக்கும் ஒரே ஆலிவ் பச்சையை அடித்துவிடும் இன்றைய வழக்கம் தவறு என்பதற்கும் இதுவே சான்று.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி நுரையீரலுக்குப் போகும். நீர் தொட்டே தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம்.

0.12 மில்லிமீட்டர்

எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பதில் அழகான வேலை, கிராங்க்கேஸில் பேரிங் ஏற்றுவது. பேரிங்கின் வெளிவளையம் அது உட்காரும் துளையைவிட இம்மியளவு பெரியதாக இருக்கும். அந்த இறுக்கம்தான் ஓடும்போது அதைச் சுழலவிடாமல் பிடித்துவைக்கிறது. சுத்தியால் அடித்து ஏற்றினால் துளை கோணும், அலுமினியம் சுரண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். துளையின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் அளவில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். 30 டிகிரியிலுள்ள கிராங்க்கேஸை அடுப்பில் வைத்து 110 டிகிரிக்குக் கொண்டுபோனால் துளை 0.092 மில்லிமீட்டர் அகலமாகும். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 12 பங்கு சுருங்கும். பேரிங்கைப் பையில் சுற்றி பிரீசரில் மைனஸ் 18 டிகிரிவரை குளிரவைத்தால் 0.029 மில்லிமீட்டர் சுருங்கும். இரண்டையும் கூட்டினால் சுமார் 0.12 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சற்று அதிகம். வழக்கமான இறுக்கம் இதில் பாதிக்கும் குறைவே. ஆகவே சூடான கிராங்க்கேஸை மேசைமேல் சமமாக வைத்து, குளிர்ந்த பேரிங்கை நேராகப் பிடித்து விட்டால், அது தன் எடையிலேயே இறங்கி அடியில் போய் 'டக்' என்று உட்காரும். சில நொடிகளில் சூடு பரவிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பின் அசைக்க முடியாது. சாய்வாக விட்டுவிட்டால் மீண்டும் சூடாக்கித்தான் எடுக்க வேண்டும்.

கழற்றுவதற்கும் இதே விதி. இரண்டும் சேர்ந்து சூடாகும்போது அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால் பேரிங் தளர்ந்து விழும். தட்டாமல் எடுத்த அசல் கிராங்க்கேஸ் இன்னும் பல தலைமுறைக்கு உழைக்கும்.

பேட்டரி இல்லாமல் ஒரு பொறி

எம்20 ஸ்டார்ட் ஆக பேட்டரி வேண்டியதில்லை. பாலைவனத்தில் பேட்டரி வற்றினாலும் உதைத்தால் கிளம்பும். அதற்குக் காரணமான மேக்னெட்டோ, ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலை நேராகப் பயன்படுத்துகிறது. நிலையான காந்தத்தின் முனைகளுக்கு நடுவே கம்பிச் சுருள் சுற்றிய ஆர்மேச்சர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழலும். தடித்த கம்பியின் குறைவான சுற்றுகளில் மின்னோட்டம் உச்சத்தைத் தொடும் நொடியில் பாயிண்ட் திறக்கும். மின்னோட்டம் அறுந்து காந்தப்புலம் சரியும்போது, மேலே ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியுள்ள மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகத் தாவும். ராபர்ட் போஷின் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்ட் 1902-இல் முழுமையாக்கிய முறை இது.

பழைய மேக்னெட்டோ பெரும்பாலும் தோற்பது ஆர்மேச்சருக்குள் ஒளிந்திருக்கும் கண்டென்சரில். பாயிண்ட் திறக்கும்போது அங்கே தீப்பொறி பறக்காமல் மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டு, காந்தப்புலம் சட்டென்று சரிய உதவுவது இதன் வேலை. 80 ஆண்டில் அதன் காப்புப் பொருளுக்குள் ஈரம் புகுந்திருக்கும். அறிகுறி தெளிவானது. காலையில் வண்டி ஒரே உதையில் கிளம்பும். அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் இருமி நிற்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி இல்லை. ஆறவைத்தால் மீண்டும் கிளம்பும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. சுருளின்மேல் பூசிய அரக்கும் சூட்டில் இளகி வழிந்து ஆர்மேச்சரை உரச வைக்கும்.

இங்கே சரியான முடிவு, வெளிக்கூட்டையும் காந்தத்தையும் லூகாஸ் முத்திரையையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே சுருளைப் புதிதாகச் சுற்றி, நவீன கண்டென்சர் வைப்பது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியிருக்காது, உள்ளே செய்ததை எழுதிவைத்தால் அடுத்தவருக்கும் தெரியும்.

எதைப் புதிதாக மாற்ற வேண்டும்

அசல் மீதுள்ள பற்று உயிரைவிடப் பெரியதல்ல. போர்க்கால டயர் கிடைத்தாலும் காட்சிக்கு மட்டுமே வைக்க வேண்டும். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஓசோனும் ஆக்சிஜனும் அறுத்திருக்கும், மேலே பார்க்க நன்றாக இருந்தாலும் ஓட்டத்தில் வெடிக்கலாம். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் உண்டு. அதை ஊதியோ தேய்த்தோ தூசி கிளப்பாமல் நனைத்து எடுத்து, கல்நார் இல்லாத புதிய லைனிங்கை ஒட்ட வேண்டும். கேபிள்களும் புதியனவாகவே இருக்க வேண்டும். முன்னால் உள்ள கர்டர் ஃபோர்க்கின் இணைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். சாயம் ஊடுருவும் சோதனை செய்தால் விரிசல் சிவப்புக் கோடாக வெளிப்படும். விரிசல் உள்ள ஃபோர்க் எவ்வளவு அசலாக இருந்தாலும் அதில் ஓட்டக் கூடாது.

இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த அமால் கார்புரேட்டரை அந்த ஈரம் அரித்து வெண்பொடியாக்கும். வண்டியை நிறுத்தி வைக்கும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் காலியாக்கிவிடுவது நல்லது.

எல்லாம் சேர்ந்த பின் ஸ்டார்ட் செய்வதற்கும் ஒழுங்கு உண்டு. கார்புரேட்டரின் டிக்ளரை அழுத்திப் பெட்ரோலை நிரப்ப வேண்டும். ஹேண்டில்பாரிலுள்ள லீவரால் பொறியின் நேரத்தைப் பின்தள்ள வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழுந்தால் எஞ்சின் பின்னோக்கி உதைத்துக் கணுக்காலை முறித்துவிடலாம். வால்வு லிஃப்டரை அழுத்திப் பிஸ்டனை அமுக்கத்தைத் தாண்டி நகர்த்தி, லிஃப்டரை விட்டு, கிக்கரை முழு நீளத்துக்கும் உதைக்க வேண்டும். எஞ்சின் பிடித்ததும் பொறியின் நேரத்தை முன்னே கொண்டுவந்தால் தாழ்ந்த, நிதானமான ஓசையில் ஓடத் தொடங்கும்.

போருக்குப் பின் ராணுவ டிஸ்போசலில் ஏலம் போன பி.எஸ்.ஏ., நார்ட்டன், ஏரியல் வண்டிகள் இந்தியாவிலும் இருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் வீட்டிலோ உறவினர் தோட்டத்திலோ கிடந்தால் உடனே பெயின்ட் கடைக்கோ குரோமியம் பூசும் பட்டறைக்கோ கொண்டுபோகாதீர்கள். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பாகங்களில் அடித்த தேதிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். மறைவான ஓரிடத்தில் பெயின்ட் அடுக்குகளைப் பாருங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், உதவாது என்று தோன்றினாலும், சீட்டுக் கட்டி ஒரு பெட்டியில் வையுங்கள். புதுப் பாகத்தை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். எறிந்த அசலைத் திரும்பச் செய்ய எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது.